பதிவுக்குப் பின்னான செலவு: உடப்புக் கருவாடும் வெளிநாட்டு வர்த்தகக் குறிகளும்

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில், பத்துளு ஓயாச் சந்தியிலிருந்து கடற்பக்கம் திரும்பினால் உடப்பு. திரௌபதை அம்மன் கோயில் தீமிதிக்கும் கரைவலைத் தொழிலுக்கும் பேர்பெற்ற தமிழ் ஊர். நெத்தலி, சூடை, கீரி என்று கரைவலையில் படுகிறவற்றில் ஒரு பங்கு வாடிகளில் கருவாடாகிறது. முந்தல் களப்பைச் சூழ்ந்த பகுதியோ இறால் வளர்ப்புக்குரியது. ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் கனடா, பிரித்தானியா, ஐரோப்பிய நாடுகளில் இலங்கைக் கருவாட்டுக்கு நிலையான கேள்வி உண்டு. இந்த ஊர்க் கருவாடு 'உடப்பு' என்ற சொந்தப் பெயரிலேயே அங்கு விற்கப்பட வேண்டுமானால் அந்தப் பெயரைக் காக்க எவ்வளவு செலவாகும், அதை யார் தாங்குவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வெளிநாட்டு வர்த்தகக் குறி பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விண்ணப்பக் கட்டணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது கணக்கின் முதல் வரி மட்டுமே. பதிவை உயிரோடு வைத்திருப்பதும், பிறர் அதை மீறும்போது எதிர்ப்பதும்தான் சிறு உற்பத்தியாளரின் கையிருப்பைக் கரைக்கின்றன. தனியொரு சம்மாட்டியோ ஏற்றுமதியாளரோ இந்தச் சுமையை நெடுங்காலம் சுமக்க முடியாது. கூட்டுரிமையும் அரச உதவியும் சேர்ந்தால்தான் முடியும் என்பது என் வாதம். அந்தக் கூட்டுரிமைக்கே சட்டங்கள் கூடுதல் விலை வைத்திருக்கின்றன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் அமெரிக்கா. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, ஒரு வகுப்புக்கான அடிப்படை விண்ணப்பம் 350 டொலர். பொருள் விபரத்தை அலுவலகத்தின் ஆயத்தப் பட்டியலிலிருந்து எடுக்காமல் சொந்தச் சொற்களில் எழுதினால் வகுப்புக்கு மேலும் 200 டொலர். 'கரைவலையில் பிடித்து வெயிலில் உலர்த்திய சூடைக் கருவாடு' என்று எழுத விரும்புகிறவர் அந்தத் துல்லியத்துக்கும் விலை கொடுக்கிறார். பொருள்களை வகுப்புகளாகப் பிரிக்கும் நீஸ் வகைப்பாட்டில் கருவாடும் உறைந்த இறாலும் 29ஆம் வகுப்பு, உயிர் இறால் 31, உப்பு 30. ஒரே ஊரின் மூன்று வகுப்புப் பொருள்களுக்கு ஒரே பெயரைக் காக்க மூன்று கட்டணம். பதிவாகி ஐந்தாம் ஆண்டுக்கும் ஆறாம் ஆண்டுக்கும் இடையில், குறி உண்மையில் பயன்பாட்டில் இருப்பதாகச் சான்றுடன் அறிவிக்க வேண்டும்: வகுப்புக்கு 325 டொலர். பத்தாம் ஆண்டை ஒட்டி அதே அறிவிப்பும் புதுப்பித்தலும் சேர்ந்து 650. ஆக ஒரே வகுப்பில் ஒரே பெயருக்கு, எந்தத் தகராறும் எழாத நிலையில், முதற் சுற்றின் அலுவலகக் கட்டணம் மட்டும் 1,325 டொலர். டொலரை 300 ரூபாயாக வைத்தால் ஏறத்தாழ நான்கு இலட்சம் ரூபாய். கெடு தவறினால் ஆறு மாத அவகாசம் உண்டு. அதற்கும் தண்டக் கட்டணம் உண்டு. அதுவும் தவறினால் பதிவு இல்லை.

இதில் சட்டத்தரணியின் கூலி சேரவில்லை. 2019 ஆகஸ்ட் முதல், அமெரிக்காவுக்கு வெளியே வதிகிற விண்ணப்பதாரர் எவரும் அந்நாட்டில் உரிமம் பெற்ற சட்டத்தரணி ஒருவர் மூலமே அலுவலகத்தோடு பேசலாம் என்பது விதி. பரிசோதகர் ஒரு ஆட்சேபக் கடிதம் அனுப்பினால் பதில் எழுத ஒரு தடவை, தெளிவுபடுத்த இன்னொரு தடவை என்று ஒவ்வொரு கடிதமும் டொலரில் எண்ணப்படும். எழுத்துரு வேறு இருக்கிறது. அங்கே வடிவம் சாராத 'சாதாரண எழுத்துக் குறி' உரோமன் எழுத்துக்குத்தான். தமிழ் எழுத்தில் உள்ள பெயரை வரைபடமாகவே கொடுத்து, ஒலிபெயர்ப்பையும் பொருளையும் சேர்த்து எழுத வேண்டும். பொதியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் வேண்டுமென்றால் இரண்டு விண்ணப்பங்களையே பாதுகாப்பாகக் கருத வேண்டும். நம் ஊரின் பெயரை உடப்பு என்றும் உடப்புவ என்றும் அரச ஆவணங்களும் வரைபடங்களும் இரு விதமாக எழுதுவதால் மூன்றாவதும் தேவைப்படலாம்.

நாணயம் தனியே ஒரு செலவு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய்; மே மாதத்துக்குள் 360 ரூபாயை எட்டியது. 350 டொலர் கட்டணமொன்று 70,000 ரூபாயிலிருந்து 1,26,000 ரூபாயானது. கட்டணம் ஒரு சதமும் உயராமலே ஆனது. பத்தாண்டுக் கெடுவோடு வரும் கடப்பாட்டை ரூபாயில் வருமானம் பெறுகிறவர் ஏற்பது என்றால் நாணயமாற்று வீழ்ச்சியின் முழு ஆபத்தையும் ஏற்பது என்று பொருள். ஏற்றுமதியில் டொலர் வருமே என்பார்கள். கருவாடு விற்ற டொலர் இறக்குமதியாளரிடமிருந்து கொழும்பு முகவரிடம் வந்து, அங்கிருந்து ரூபாயாகவே கரைக்கு வருகிறது என்றால் இந்த ஆறுதல் முகவருக்கு மட்டுமே.

ஐரோப்பிய ஒன்றியத்தில் தோற்றத்துக்குக் கணக்கு எளிது. ஒரே விண்ணப்பம், எல்லா உறுப்பு நாடுகளிலும் செல்லும் குறி, முதல் வகுப்புக்கு இணையவழிக் கட்டணம் 850 யூரோ, இரண்டாவதற்கு 50, மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 150. பத்தாண்டில் புதுப்பிக்க மீண்டும் 850. தனியாருக்கு இது மோசமான பேரம் அல்ல. ஆனால் உடப்பு போன்ற ஊருக்குப் பொருந்துவது கூட்டுக் குறி: உரிமையாளர் சங்கம், பயன்படுத்துவோர் உறுப்பினர், தரவிதிகள் எல்லாருக்கும் ஒன்று. இடப்பெயரைக் குறியாகப் பதியச் சட்டம் பொதுவாக மறுக்கும் இடத்திலும் கூட்டுக் குறிக்கு விலக்கு அளிக்கிறது. அந்தக் கூட்டுக் குறிக்கு முதல் வகுப்புக் கட்டணம் 1,500 யூரோ. பெருநிறுவனம் ஒன்றின் குறி 850, மீனவர் சங்கத்தின் குறி 1,500. பரிசோதிக்க வேண்டிய விதிமுறை ஆவணம் கூடுதலாக இருப்பது நிர்வாகத் தரப்பின் நியாயமாக இருக்கலாம். கொடுப்பவர் யார் என்று பார்த்தால் அது தலைகீழ் நியாயம்.

இடப்பெயர் விலக்கில் இன்னொரு முரண் ஒளிந்திருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில், வாங்குவோருக்கு இடமாகத் தெரியாத அறியப்படாத ஊரின் பெயர் 'முதன்மையாக இடத்தைக் குறிப்பது' என்ற மறுப்புக்குள் விழாமல் தப்பலாம். அதாவது உடப்பை அமெரிக்கருக்குத் தெரியாதது உடப்பாருக்கு விண்ணப்பத்தில் உதவும். அதே தெரியாமை முந்திக்கொள்ளும் வேறொருவருக்கும் உதவும். வெளிநாட்டு விநியோகஸ்தர் ஒருவர் தம் பெயரிலேயே குறியைப் பதிந்துகொள்வது உலகெங்கும் பழகிப்போன தந்திரம். இலங்கை 1952 முதல் அங்கம் வகிக்கும் பாரிஸ் உடன்படிக்கை, முகவர் தம் முதலாளியின் குறியை அனுமதியின்றிப் பதிவதை எதிர்க்க வழி தருகிறது. அந்த வழியில் நடக்கவும் காசு வேண்டும். அமெரிக்காவில் எதிர்ப்பு மனு ஒரு வகுப்புக்கு 600 டொலர், ஐரோப்பிய ஒன்றியத்தில் 320 யூரோ. வாதாட்டச் செலவு அதற்கு மேல்.

இந்த மேற்செலவு எங்கே போய் நிற்கும் என்பதற்கு டார்ஜிலிங் தேயிலையைவிடச் சிறந்த பாடம் இல்லை. இந்தியத் தேயிலைச் சபை நான்கு ஆண்டுகளில் பதிவு, சட்டம், உலகளாவிய கண்காணிப்பு, வெளிநாட்டு வழக்கு ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 94 இலட்சம் இந்திய ரூபாய், அன்றைய மதிப்பில் 2 இலட்சம் டொலர், செலவழித்ததாக உலக வணிக அமைப்பு 2005இல் வெளியிட்ட தொகுப்பு பதிவு செய்கிறது. ஊழியர் சம்பளமும் மென்பொருளும் அதில் சேரவில்லை. இவ்வளவுக்குப் பிறகும், பிரெஞ்சு உள்ளாடை நிறுவனம் ஒன்று 'டார்ஜிலிங்' என்ற பெயரைப் பதிய விண்ணப்பித்ததை எதிர்த்த வழக்கில், சபையின் மேன்முறையீடுகளை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 செப்டெம்பரில் தள்ளுபடி செய்தது. கூட்டுக் குறியின் அடிப்படைப் பணி சங்க உறுப்பினரின் பொருளைப் பிறர் பொருளிலிருந்து பிரித்துக் காட்டுவதே, இடத்தைச் சுட்டுவது அல்ல என்று நீதிமன்றம் கருதியது. கூட்டுக் குறியை நான் பரிந்துரைக்கும்போது இந்தத் தீர்ப்பை மறைத்துப் பரிந்துரைக்க முடியாது. கருவாட்டுக்கு எதிராக இன்னொரு கருவாடு வந்தால் அது காக்கும். பெயரின் புகழைப் பிறர் வேறு பொருளுக்கு எடுத்தால் காப்பது கடினம். உடப்புக்கு முதலாவதுதான் தேவை, அது போதும்.

எத்தியோப்பியாவின் காப்பி மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஹரார், சிடாமோ, யிர்காசெபே என்ற பெயர்களை அமெரிக்காவில் வர்த்தகக் குறிகளாகப் பதிய அந்நாட்டு அரசு 2005இல் விண்ணப்பித்தது. ஹரார், சிடாமோ முதலில் மறுக்கப்பட்டன. ஸ்டார்பக்ஸ் நிறுவனத்துடனான இழுபறி 2007 ஜூனில் உடன்படிக்கையில் முடிந்தது. வெற்றிக்கதையாகச் சொல்லப்படும் இதில் அடிக்கடி விடுபடுவது ஒன்று: பெரிய அமெரிக்கச் சட்ட நிறுவனமொன்று ஊதியம் வாங்காமல் வாதாடியது. அந்தக் கூலியை எத்தியோப்பியா கொடுக்க நேர்ந்திருந்தால் கதை வேறு.

ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் குறியைப் பதியும் மட்ரிட் முறையில் சேர்ந்தால் எல்லாம் மலிவாகும் என்பது இலங்கையில் அடிக்கடி கேட்கும் பதில். இந்தியா 2013இல் சேர்ந்தது. இலங்கை 2022இல் புலமைச் சொத்துச் சட்டத்தைத் திருத்திப் தோற்ற இடத்தின் பெயரைக் காக்கும் புவியியல் குறிகாட்டிப் பதிவேட்டுக்கு வழிவகுத்தபோதும் மட்ரிட்டுக்கு வெளியேதான் இருந்தது. சேர வேண்டும்தான். ஆனால் அதன் அடிப்படைக் கட்டணமே 653 சுவிஸ் பிராங்க், வண்ணக் குறிக்கு 903. எந்த நாட்டின் கட்டணமும் அதில் அடங்காது. ஒன்றிரண்டு நாடுகளுக்கு மட்டும் போகிறவருக்கு நேரடி விண்ணப்பமே மலிவாக முடியலாம். இடைக்கால மறுப்பு வந்தால் உள்ளூர்ச் சட்டத்தரணி மறுபடியும் தேவை. முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் கொழும்பில் மூலப் பதிவு விழுந்தால் வெளிநாட்டுப் பாதுகாப்பும் சேர்ந்து விழும். பத்து நாடுகளில் விற்கும் பிஸ்கட் நிறுவனத்துக்கு மட்ரிட் பெரும் உதவி; உடப்புக்குச் சிறு உதவி.

பயன்பாடு இல்லாத குறி செத்த குறி. அமெரிக்காவில் தொடர்ந்து மூன்று ஆண்டு பயன்படுத்தாவிட்டால் கைவிட்டதாக ஊகிக்கப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐந்து ஆண்டு. 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்கு விதித்த தடை 2016 ஜூனில்தான் நீங்கியது. இத்தகைய இறக்குமதித் தடை பயன்படுத்தாமைக்கு ஏற்ற காரணம் என்று உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கையின் 19ஆம் உறுப்புரை சொல்கிறது. 1996இல் இப்பகுதி இறால் பண்ணைகளை வெண்புள்ளி நோய் அழித்தது போன்ற இழப்பையும் அதே தட்டில் வைக்கலாமா என்பது வழக்குக்கு வழக்கு மாறும். அதை நிரூபிப்பதும் செலவே.

எனவே வரிசை முக்கியம். கருவாட்டுக்குச் சுகாதாரச் சான்று பெறக்கூடிய உலர்த்துமிடமும் பொதியிடலும் முதலில். குறி அதற்குப் பின். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்க் கொழும்பில் கூட்டுக் குறியாகப் பதிவு, மீன்பிடிக் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில். அந்த விண்ணப்ப நாளிலிருந்து ஆறு மாத முன்னுரிமைக் காலத்துக்குள் கருவாடு உண்மையில் போகிற ஒரே ஒரு வெளிநாட்டில் விண்ணப்பம், 29ஆம் வகுப்பில் மட்டும். விநியோகஸ்தருடனான ஒப்பந்தத்தில் அவர் குறியைப் பதியக் கூடாது என்ற பிரிவு கட்டாயம். எழுதக் காகிதச் செலவே ஆகும் இந்தப் பிரிவு, எதிர்ப்பு மனுவின் 600 டொலரை மிச்சப்படுத்தும். இலங்கைத் தேயிலைச் சபை சிங்க இலச்சினையை வெளிநாடுகளில் காக்கிறது. கறுவாவுக்கு ஏற்றுமதி அபிவிருத்திச் சபை முன்னின்றது, 'சிலோன் கறுவா' 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவியியல் குறிகாட்டியானது. பெருந்தோட்டப் பயிர்களுக்கு அரசு ஏற்றுக்கொண்ட கடமையைக் கரையோரச் சங்கங்களுக்கும் நீட்டுவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மீனவர் சங்கங்களின் முதற் பதிவுக்கும் ஆறாம் ஆண்டுப் பயன்பாட்டு அறிவிப்புக்குமான கட்டணத்தை ஏற்றுமதி அபிவிருத்திச் சபை தன் வரவு செலவில் ஒரு தலைப்பாகச் சேர்க்க வேண்டும்.