தனித்தீவுக்கு எட்டு இசைத்தட்டுகள்

ஆளரவமற்ற தீவு ஒன்றில் தன்னந்தனியே ஒதுங்க நேர்கிறது. துணைக்கு எட்டே எட்டு இசைத்தட்டுகள். நீங்கள் எவற்றைத் தேர்வீர்கள்?

இந்த ஒற்றைக் கேள்வியை வைத்து ராய் பிளம்லி என்பவர் பிபிசி வானொலிக்கு ஒரு நிகழ்ச்சியை உருவாக்கினார். 1942 சனவரி 29ஆம் நாள், படைவீரர்களுக்கான அலைவரிசையில் அது முதன்முதலாக ஒலியேறியது. முதல் விருந்தினர் விக் ஆலிவர் என்னும் நகைச்சுவைக் கலைஞர். பிரதமர் சர்ச்சிலின் மருமகன். போர்க்காலத் தணிக்கையின் காரணமாக உரையாடல் முழுவதும் முன்கூட்டியே எழுதப்பட்டு வாசிக்கப்பட்டது. ஒரு நூலும் ஓர் ஆடம்பரப் பொருளும் கொண்டுசெல்லும் சலுகை 1951இல்தான் கிடைத்தது. பிளம்லி 1985இல் மறையும் வரை தாமே நடத்தினார். நிகழ்ச்சி இன்றும் தொடர்கிறது. எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோஃப் என்ற பாடகி 1958இல் ஏறத்தாழ எல்லாவற்றையும் தம் சொந்தப் பதிவுகளாகவே தேர்ந்தெடுத்தாராம்! தனிமையில் தம் குரலே போதும் என்று எண்ணினார் போலும்.

ஆனால், அந்தத் தேதி நமக்கு வேறொன்றையும் உணர்த்துகிறது. கோலாலம்பூர் சனவரி 11இல் வீழ்ந்திருந்தது. நிகழ்ச்சி ஒலியேறி இரண்டே நாளில், சனவரி 31இல், பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தைத் தகர்த்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் பின்வாங்கியது. பிப்ரவரி 15இல் சரணடைந்தது. இலண்டனில் கற்பனையாக இருந்த தீவு, இங்கே உண்மையாகிவிட்டது.

சிங்கப்பூரிலிருந்து கப்பலேறித் தப்ப முயன்று பிடிபட்டுச் சுமத்ராவில் சிறைவைக்கப்பட்ட பெண்களுள் இருவரை ஆசிரியர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டும். மார்கரெட் டிரைபர்க், சிங்கப்பூரில் ஆசிரியப் பணியாற்றிய மறைப்பணியாளர். நோரா சேம்பர்ஸ், இலண்டனில் இசை பயின்றவர். பலெம்பாங் முகாமில் அவர்களிடம் இசைத்தட்டும் இல்லை, இசைக்கருவியும் இல்லை. நினைவு மட்டுமே இருந்தது. டிரைபர்க் நினைவிலிருந்தே இசைக்குறிப்புகளை எழுத, இருவரும் அவற்றைப் பெண் குரல்களுக்கேற்ப நான்கு பகுதிகளாக அமைத்தனர். சொற்கள் கிடையா, வயலினும் குழலும் இசைக்க வேண்டியதைக் குரல்களே இசைத்தன. ஆங்கிலேயர், டச்சுக்காரர், ஆஸ்திரேலியர் எனப் பன்மொழியினர் வாழ்ந்த முகாமுக்கு அதுவே பொருத்தமாகவும் இருந்தது. 1943 டிசம்பர் 27இல் முதல் கச்சேரி நடந்தது. துவோர்ழாக்கின் 'புதிய உலக' சிம்பொனியிலுள்ள மெல்லிசைப் பகுதியும் அன்று ஒலித்தது. கலைக்க வந்த காவலரும் நின்று கேட்டதாகக் கைதிகள் பின்னாளில் கூறியுள்ளனர். பசியாலும் நோயாலும் பாடகியர் பலர் மாண்டனர், குழு கலைந்தது. டிரைபர்க் 1945 ஏப்ரலில் இறந்தார். எழுதிய தாள்கள் மட்டும் பிழைத்தன.

அதே 1943இல்தான் நம் தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதையில் மடிந்துகொண்டிருந்தனர். அவர்களும் தாலாட்டையும் தெம்மாங்கையும் நெஞ்சில் சுமந்தே சென்றிருப்பர். எழுதி வைக்கத் தாளேது?

பெற்றோர்களே, உங்கள் குடும்பத்தில் அப்பாதைக்குச் சென்று மீண்டவர் எவரேனும் இருந்து, அவர் முணுமுணுத்த பாட்டு ஒருவரியேனும் யாருக்காவது நினைவிருந்தால், பிள்ளைகளைக் கொண்டு அதை எழுதி வாங்குங்கள். முடிந்தால் பாடச் சொல்லிப் பதிவும் செய்யுங்கள்.