ஒரு லட்சம் என்ற எல்லை: நாட்பட்ட சிறுநீர்ப்பை வலியின் காரணம் தேடிய லண்டன் ஆய்வுகள்

நீர்க்கடுப்பும் அடிவயிற்று வலியும் மாதக்கணக்கில் விடாமல் வாட்டுகின்றன. யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டோ ஒவ்வொரு முறையும் 'கிருமி இல்லை' என்றே வருகிறது. இந்த முரண்பாட்டுக்கு மருத்துவம் முதலில் தந்தது ஒரு பெயரைத்தான். 1887இல் நியூயார்க்கின் அலெக்சாண்டர் ஸ்கீன் 'இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ்' என்றார். 1915இல் மருத்துவர் கை ஹன்னர் சிறுநீர்ப்பைச் சுவரில் தாம் கண்ட புண்களை விவரித்தார். அப்படிப் புண் எதுவும் தென்படாத பெரும்பாலோரின் வலிக்குக் காரணம் தெரியாமலே இருந்தது.

'கிருமி இல்லை' என்ற தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதே இந்த வரலாற்றின் முக்கியமான முடிச்சு. 1950களின் நடுவில் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் ஒரு வரம்பை வகுத்தார்: ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 1,00,000 பாக்டீரியா இருந்தால் தொற்று. அவர் ஆராய்ந்தது சிறுநீரகத் தொற்று கண்ட பெண்களையும், அறிகுறியே இல்லாத பெண்களையும். நாட்பட்ட சிறுநீர்ப்பை வலியோடு வருவோரை அவர் கணக்கில் கொள்ளவில்லை. ஆனாலும் உலகெங்கும் ஆய்வகங்கள் அந்த எண்ணை எல்லா நோயாளிகளுக்கும் பொதுவாக்கிக்கொண்டன. பிரிட்டனின் போர்ட்ஸ்மத்தில் ரோசலிண்ட் மாஸ்கெல், இத்தகைய அறிகுறிகளுக்கு வழக்கமான கல்ச்சரில் எளிதில் வளராத பாக்டீரியாக்களே காரணமாகலாம் என்று 1979இலேயே எழுதினார். 1982இல் அமெரிக்காவின் வால்டர் ஸ்டாம், கடுமையான நீர்க்கடுப்புள்ள பெண்களில் 100 பாக்டீரியாகூடப் பொருட்படுத்தத் தக்கது என்று காட்டினார். பல ஆய்வகங்களில் அந்தப் பழைய எண் அதன் பிறகும் அசையவில்லை.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் மலோன்-லீ கல்ச்சர் ரிப்போர்ட்டை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. வடக்கு லண்டனில் அவர் நடத்திய கிளினிக்கில் நோயாளி கொடுத்த சிறுநீரை அப்போதே, சுழல் இயந்திரத்தில் சுழற்றாமல், எண்ணும் கட்டமிட்ட கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். அழற்சியைக் காட்டும் வெள்ளையணுக்கள் சிறுநீரில் வெகுநேரம் தாங்காது. மாதிரி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பல அழிந்துவிடும். 'நார்மல்' என்று திருப்பி அனுப்பப்பட்ட பலரிடம் அழற்சியின் தடயம் இப்படித்தான் அகப்பட்டது.

அடுத்த கேள்வி, கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது. சிறுநீர்ப்பையின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்களை ஆராய்ந்த மலோன்-லீயின் லண்டன் குழு, அவற்றுக்குள்ளேயே எண்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் புகுந்திருப்பதை 2013இல் வெளியிட்டது. செல்லுக்குள் இருக்கும் கிருமியை ஆன்டிபயாடிக் எட்டுவது கடினம். சிறுநீரில் மிதக்கும் கிருமியைத் தேடும் கல்ச்சரிலும் அது சிக்காமல் போகலாம். அதே குழுவின் சஞ்சுதா சத்தியானந்தமூர்த்தி முதன்மை ஆசிரியராக 2019இல் வெளியிட்ட கட்டுரை இதை இன்னும் கூர்மையாக்கியது: வழக்கமான கல்ச்சரால் நோயாளிகளையும் நலமாக இருப்பவர்களையும் பிரித்தறிய முடியவில்லை. தமிழ்ப் பெயர் ஒன்று இந்த வரிசையில் நிற்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

சிகிச்சையில்தான் சர்ச்சை வெடித்தது. மலோன்-லீ மாதக்கணக்கில் முழு அளவு ஆன்டிபயாடிக் கொடுத்தார். 2015இல் கிளினிக் நிறுத்தப்பட்டது. நோயாளிகள் போராடிய பின்பே மீண்டும் இயங்கியது. 624 பெண்களின் சிகிச்சை விவரங்களை 2018இல் அவரது குழு வெளியிட்டது. பலருக்கு ஓராண்டுக்கு மேலும் மருந்து தேவைப்பட்டது, அறிகுறிகள் தணிந்தன. ஆனால் மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் பெருகும் காலத்தில் இது சிறிய குறையல்ல. எல்லா வலிக்கும் கிருமியே காரணம் என்று சொல்லவும் முடியாது. ஹன்னர் கண்ட புண்கள் உள்ளவர்கள் தனி வகையினர். நரம்புகளின் மிகையுணர்ச்சியும் இடுப்புத்தளத் தசை இறுக்கமும் சிலரிடம் முதன்மையாக இருக்கின்றன. என் வாசிப்பில், லண்டன் குழு உறுதியாக நிறுவியது ஒன்று: நெகட்டிவ் கல்ச்சரை வைத்து ஒருவருக்குத் தொற்று இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

மலோன்-லீ 2022இல் காலமானார். அதே ஆண்டில் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை தன் பொதுத் தகவல் பக்கத்தில் நாட்பட்ட சிறுநீர்த் தொற்றைக் குறிப்பிட்டது. யூனிவர்சிட்டி காலேஜில் ஜெனிஃபர் ரோனின் குழு, ஆய்வகத்தில் வளர்த்த மனிதச் சிறுநீர்ப்பைத் திசுவின் மேல் சிறுநீரையும் கிருமியையும் விட்டு, கிருமி உள்ளே நுழையும் வழியைப் பின்தொடர்ந்து வருகிறது.