ஸ்டாண்டர்டு ஹெரால்டு: எஞ்சின் ஓசை அறிதல்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர்–வண்டலூர் பகுதியில் ஆலை நடத்திய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் கார். 1961-இல் அறிமுகமானது. 948 சி.சி. கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட பெட்ரோல் எஞ்சின் உடையது. முன் மட்கார்டுகளோடு சேர்ந்து பானட் முழுவதும் முன்னோக்கித் திறப்பதால், எஞ்சினின் ஓசையை அருகிலிருந்து கேட்டு ஆராயலாம்.

மேற்பகுதி: கிராங்க் இருமுறை சுற்றும்போது ஒருமுறை கேட்கும் ‘டிக் டிக்’ ஒலி வால்வு இடைவெளியையோ ராக்கர் தேய்மானத்தையோ குறிக்கும். எஞ்சின் குளிர்ந்த நிலையில் இடைவெளி 0.25 மி.மீ. இருக்க வேண்டும்.

முன்பகுதி: சலசலப்பு, டைமிங் செயின் தளர்ந்ததன் அடையாளம்.

கீழ்ப்பகுதி: ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வலுக்கும் தட்டல் பிக் எண்ட் பேரிங்குடையது. ஸ்பார்க் பிளக் வயர்களை, காப்புக் கையுறை அணிந்து, ஒவ்வொன்றாகக் கழற்றினால், எந்தச் சிலிண்டரில் தட்டல் குறைகிறதோ அங்கேதான் பழுது. சூடேறியதும் மறையும் தட்டல் பெரும்பாலும் பிஸ்டன் தேய்மானம்.

திரஸ்ட் வாஷர்: இவ்வகை எஞ்சின்களின் முக்கியமான பலவீனம் இது. கிளட்சை மிதிக்கும்போது ஓசை மாறினால், அல்லது முன் புல்லி கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தால், வண்டியை உடனே நிறுத்த வேண்டும். வாஷர் கழன்று விழுந்தால் கிராங்கும் பிளாக்கும் சேதமடையும்.

1988-இல் அந்நிறுவனத்தின் கார் உற்பத்தி நின்றது. மாற்று எஞ்சின் அரிதாகிவிட்டதால், ஓசையைத் தொடக்கத்திலேயே கண்டறிவதே எஞ்சியுள்ள ஹெரால்டுகளைக் காக்கும் சிறந்த வழி.