ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு

இந்திய ஒன்றிய அரசு 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கிவைத்த திட்டம். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. 2008இல் வந்த முந்தைய தேசியக் காப்பீட்டின் வரம்பு 30,000 ரூபாய்தான்; ஐந்து பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. அவ்விரு தடைகளும் இதில் நீங்கின. 2024 அக்டோபர் முதல் 70 வயது நிறைந்த எவரும், வருமானம் எதுவாயினும், சேரலாம்.

தொகை பெரிதுதான்; கோளாறு அமைப்பில் இருக்கிறது. பொதுவாக, மருத்துவமனையில் சேர்ந்தால்தான் காப்பீட்டு அட்டை செல்லும். சர்க்கரை நோயாளி மாதந்தோறும் வாங்கும் மாத்திரை, ரத்தப் பரிசோதனை, தனியார் மருத்துவர் கட்டணம் எல்லாம் கைக்காசு. அதே ஆள் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்கு வந்தால் காப்பீடு பணம் தருகிறது. குடும்பத்தைக் கடனில் தள்ளுவது அறுவைச் சிகிச்சைதானே என்பர் ஆதரவாளர். ஓரளவு சரி. ஆனால் ஆண்டுக்கணக்கில் நீளும் மருந்துச் செலவும் கூலிக் குடும்பத்தை அரிக்கிறது. மருந்தைப் பாதியில் நிறுத்துவோரே பின்னாளில் பெரிய சிகிச்சைக்கு வருகிறார்கள். வெளிநோயாளிகளுக்கு அரசு நலவாழ்வு மையங்கள் உண்டு என்பது இன்னொரு பதில். அங்கே மருந்தும் மருத்துவரும் தவறாமல் இருந்தால் அது நல்ல பதில்தான். 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புவது, காப்பீட்டுக்கு வெளியே என்ன செய்ய முடியும் என்பதற்குச் சான்று. அதற்குப் பணம் வேண்டும். 2017ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கொள்கை, அரசின் சுகாதாரச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக்க இலக்கு வைத்தது. 2021–22இல் அது 1.84 விழுக்காடு. அவ்வாண்டு மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு மக்களின் கையிலிருந்தே போனது.