உடன்படிக்கையும் உள்நாட்டுச் சட்டமும்

ஒரு தேசத்தின் பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தை அந்நியக் கம்பெனியொன்று புரட்டிவிடக் கூடுமோ என ஐயுறுவார்க்குக் கனடாவின் சரித்திரத்தினின்று விடை கூறுவோம்.

பெட்ரோலிற் கலக்கும் எம்.எம்.டி. என்னும் மாங்கனீசுச் சரக்கை அமெரிக்காவின் எத்தில் கம்பெனி அங்கு விற்று வந்தது. (1924-ல் தோன்றி, ஈயங் கலந்த பெட்ரோலைப் பரப்பிய அதே கம்பெனிதான்!) அதன் புகை நரம்புகளைக் கெடுக்குமோவென்றும், மோட்டார் வண்டியின் புகையடக்குங் கருவியைப் பழுதாக்குமென்றும் அஞ்சிய சர்க்கார், 1997-ல் அதன் இறக்குமதியையும் மாகாணங்களுக்கிடையே நிகழும் வியாபாரத்தையும் தடுத்தது. உபயோகத்தையே தடுக்கத் துணியவில்லை. அதற்கு வேண்டிய சாஸ்திரச் சான்று கைவசமில்லை. இவ்விடத்திற்றான் கம்பெனி புகுந்தது.

1994-ல் அமுலுக்கு வந்த வட அமெரிக்க வியாபார உடன்படிக்கையின் 11-வது அத்தியாயம், முதலிட்டவர் அந்நிய சர்க்காரை நடுவர் முன் நேரே இழுக்க உரிமை தந்திருந்தது. எத்தில் கேட்ட நஷ்டஈடு 25 கோடியே 10 லட்சம் டாலர்! இதற்கிடையே ஆல்பர்ட்டா மாகாணமும் உள்நாட்டு வியாபார ஒப்பந்தத்தின் கீழ் வழக்காடி வென்றது. 1998 ஜூலையில் சர்க்கார் தடையை நீக்கி, ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் அமெரிக்க டாலரும் கட்டிற்று. சரக்கினால் தீங்கென்பதற்குச் சான்றில்லையென அறிக்கையும் விட்டது. நேயர்கள் கவனிக்க: வழக்கை விசாரிக்கத் தமக்கு அதிகாரமுண்டென்று மட்டுமே நடுவர்கள் சொல்லியிருந்தனர். நஷ்டம் உண்டா இல்லையா என்று தீர்க்கவேயில்லை, அச்சமே தீர்ப்பாயிற்று. பணம் யாருடையது? வரி கொடுக்கும் கனடியத் தொழிலாளியுடையதே.

2020-ல் வந்த புதிய உடன்படிக்கையில் கனடா அவ்வழியை அடைத்தது. பழைய முதலுக்கு மாத்திரம் மூன்றாண்டுத் தவணை விடப்பட்டது.