செய்ததும் செய்யப்போவதும்: ஒரு காப்புரிமைக் கோப்பின் கதை

கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர்கள் வாயிலும் புழங்கிய ஒரு சொல் பி.சி.ஆர். மூக்கில் குச்சியை விட்டு மாதிரி எடுத்துக்கொண்டு போவார்கள். பாசிட்டிவா நெகட்டிவா என்று சேதி வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அந்தச் சோதனைக்கு உள்ளே வேலை செய்கிற ஒரு என்சைமைப் பற்றியும், அதன் காப்புரிமைக்காக அமெரிக்காவில் ஏறக்குறைய பன்னிரண்டு வருடம் நடந்த ஒரு வழக்கைப் பற்றியும் இன்று எழுதுகிறேன். விஞ்ஞானச் சண்டை என்று நினைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன். போகப் போக அது ஒரு கோப்பைப் பற்றிய சண்டை என்று புரிந்தது. கோப்புகளோடு ஆயுசைக் கழித்தவனுக்கு அதற்குமேல் புத்தகத்தைக் கீழே வைக்க மனசு வரவில்லை.

முதலில் என்சைமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உயிருள்ள எல்லாவற்றின் உடம்பிலும் டி.என்.ஏ. இருக்கிறது. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது டி.என்.ஏ.வுக்கும் ஒரு நகல் வேண்டும். மூலப் பிரதியைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக நகல் எடுக்கும் குமாஸ்தாவுக்குப் பெயர் டி.என்.ஏ. பாலிமரேஸ். இதை 1950களில் கண்டுபிடித்த ஆர்தர் கோர்ன்பெர்க்குக்கு 1959இல் நோபல் பரிசு கிடைத்தது.

1983இல் கலிஃபோர்னியாவில் சீட்டஸ் என்ற கம்பெனியில் வேலை பார்த்த கேரி மல்லிஸுக்கு ஒரு யோசனை உதித்தது. டி.என்.ஏ.வைச் சுமார் 95 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் இரண்டு இழைகளும் பிரிந்துவிடும். கொஞ்சம் ஆறவிட்டு பாலிமரேஸைக் கொண்டு நகல் எடுத்தால் ஒன்று இரண்டாகும். மறுபடி சூடாக்கி ஆறவிட்டால் நான்கு, பிறகு எட்டு. இப்படி 30 சுற்று போனால் கணக்குப்படி ஒன்று சுமார் 107 கோடி ஆகிவிடும். இதுதான் பி.சி.ஆர். மல்லிஸுக்கு 1993இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான்.

ஆனால் ஒரு தொல்லை இருந்தது. அப்போது பயன்படுத்திய பாலிமரேஸ் நம் குடலில் வாழும் ஒருவகை பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. அவ்வளவு சூட்டில் அது செத்துப்போகும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் குழாயைத் திறந்து புதிதாக என்சைம் விட வேண்டும். ஒரு பக்கம் எழுதி முடித்ததும் குமாஸ்தாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் புது ஆளைத் தேடுகிற மாதிரி.

சூடு தாங்குகிற குமாஸ்தா வெந்நீர் ஊற்றில் இருந்தார். 1966இல் தாமஸ் பிராக் என்ற பேராசிரியரும் ஹட்சன் ஃப்ரீஸ் என்ற மாணவரும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள ஊற்று ஒன்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். நாம் கை வைத்தால் வெந்துபோகும் 70 டிகிரிச் சூட்டில் அது சுகமாக வளர்ந்தது. அதற்கு தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயர் வைத்து 1969இல் கட்டுரை வெளியிட்டார்கள். எந்த ஆராய்ச்சியாளரும் வாங்கிக்கொள்ளும்படி அதைப் பொதுச் சேமிப்பகத்திலும் ஒப்படைத்தார்கள்.

1976இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் சியென் என்ற மாணவியும் அவருடைய குழுவினரும் அந்த பாக்டீரியாவின் பாலிமரேஸைச் சுத்தப்படுத்தி எடுத்தார்கள். 80 டிகிரியில் அது நன்றாக வேலை செய்கிறது என்றும், அதன் மூலக்கூறு எடை 63,000 முதல் 68,000 வரை என்றும் எழுதினார்கள். 1980இல் சோவியத் நாட்டில் கலேதின் குழுவினரும் இதே வேலையைச் செய்து வெளியிட்டார்கள். அவர்கள் சொன்ன எடை சுமார் 62,000. ஆக, இரண்டு கட்டுரைகள் அச்சில் வந்துவிட்டன. அதை வைத்து என்ன செய்வது என்றுதான் அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பி.சி.ஆர். வந்த பிறகுதான் சீட்டஸ் கம்பெனிக்கு இந்த என்சைமின் அருமை தெரிந்தது. அங்கே டேவிட் கெல்ஃபண்ட், சூசன் ஸ்டோஃபெல் ஆகியோர் அதைப் பிரித்தெடுத்தார்கள். பாக்டீரியாவின் பெயரைச் சுருக்கி அதை டாக் பாலிமரேஸ் என்றார்கள். பிறகு அதன் மரபணுவை வெட்டி, ஆய்வகத்தில் சுலபமாக வளரும் வேறொரு பாக்டீரியாவுக்குள் வைத்து, என்சைமை வேண்டிய மட்டும் செய்துகொள்ளவும் வழி கண்டார்கள். ஒருமுறை விட்டால் போதும், முப்பது சுற்றும் தாங்கும். இன்று இந்தச் சோதனை இவ்வளவு பரவியதற்கு அந்த வேலையே அடிப்படை. அதில் சந்தேகமே இல்லை.

1987இல் இந்த என்சைமுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போனது. இங்கேதான் நமக்குப் பழக்கமான உலகம் ஆரம்பமாகிறது.

காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் பார்க்கும் ஆய்வு அதிகாரிக்கு ஆய்வகம் கிடையாது. சோதனைக் குழாய் கிடையாது. அவர் மேஜையில் இருப்பது விண்ணப்பமும், அதற்கு முன்னால் உலகத்தில் அச்சான கட்டுரைகளும்தான். அவர் கேட்கும் முக்கியமான கேள்விகள் இரண்டு. இது புதியதா? புதியதே ஆனாலும், அந்தத் துறை தெரிந்தவர் முன்பே வெளியானவற்றிலிருந்து சுலபமாக எட்டிவிடக் கூடியதா? இந்த விண்ணப்பத்தில் அவர் சியென் கட்டுரையையும் கலேதின் கட்டுரையையும் எடுத்து வைத்து, இது ஏற்கெனவே உள்ளதுதானே என்று ஆட்சேபம் தெரிவித்தார்.

விண்ணப்பதாரர்கள் பதில் எழுதினார்கள். அவர்களுடையது வேறு, எங்களுடையது வேறு. எங்களுடையதன் எடை 86,000 முதல் 90,000 வரை. எங்களுடையது கூடுதல் வீரியம் உள்ளது, நகல் எடுக்கும்போது பிழை குறைவு. காப்புரிமையில் அந்த என்சைமை அடையாளம் சொன்ன விதமே பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போல இருக்கிறது. ஜெல்லில் ஓடவிட்டால் இன்ன புரதத்தைவிட வேகமாகவும் இன்ன புரதத்தைவிட மெதுவாகவும் நகர்வது என்று இருபக்க எல்லையும் போட்டு, எடையையும் குறித்திருக்கிறார்கள். ஆய்வு அதிகாரி கடைசியில் ஏற்றுக்கொண்டார். 1989 டிசம்பர் 26 அன்று 4,889,818 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. அதே மாதம் 'சயன்ஸ்' பத்திரிகை பி.சி.ஆரையும் டி.என்.ஏ. பாலிமரேஸையும் அந்த வருடத்தின் மூலக்கூறு என்று கொண்டாடியது.

1991இல் சுவிட்சர்லாந்தின் ரோஷ் கம்பெனி பி.சி.ஆர். உரிமைகளை சீட்டஸிடமிருந்து 30 கோடி டாலருக்கு வாங்கியது. மறு வருடமே, டாக் பாலிமரேஸ் விற்றுவந்த விஸ்கான்சின் மாநிலத்து புரொமேகா கம்பெனி மீது வழக்குப் போட்டது. வழக்கின் போக்கில் 40க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள், ஆராய்ச்சி நிலையங்களின் பெயர்களும் 200க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளின் பெயர்களும் காப்புரிமையை மீறியவர்கள் என்ற பட்டியலில் வந்தன. சொந்த ஆராய்ச்சிக்காக என்சைம் வாங்கியவர்கள் திடீரென்று தங்கள் பெயரை நீதிமன்றக் காகிதத்தில் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்!

புரொமேகாவின் பதில் நேரடியானது. இந்த என்சைம் சியெனும் கலேதினும் முன்பே எடுத்ததுதான், ஆய்வு அதிகாரியிடம் உண்மைக்கு மாறாகச் சொல்லித்தான் காப்புரிமை வாங்கப்பட்டது என்றார்கள்.

'முன்பே தெரிந்தது' என்ற வாதம் பி.சி.ஆர். முறையின் காப்புரிமைகள் மீதும் ஏற்கெனவே வந்திருந்தது. நம் பஞ்சாப் மண்ணில், இன்றைய பாகிஸ்தானில் உள்ள ராய்ப்பூர் கிராமத்தில் பிறந்து, 1968இல் நோபல் பரிசு பெற்ற ஹர் கோவிந்த் கொரானாவின் ஆய்வகம் 1971லேயே ஒரு கட்டுரையில் இதைப் போன்ற யோசனையைச் சொல்லியிருந்தது. அதைக் காட்டி டூபான்ட் கம்பெனி வாதாடியது. 1991இல் ஜூரிகள் அதை ஏற்கவில்லை, காப்புரிமைகள் நிலைத்தன. என்சைம் வழக்கு வேறு வழியில் திரும்பியது.

அந்த விண்ணப்பத்தில் ஆறாவது எடுத்துக்காட்டு என்று ஒரு பகுதி. என்சைமை எப்படிச் சுத்தப்படுத்துவது என்று படிப்படியாக விவரித்து, முடிவுகளையும் கொடுத்திருந்தார்கள். எல்லாமே இறந்தகாலத்தில் எழுதப்பட்டிருந்தது. கரைக்கப்பட்டது, வடிகட்டப்பட்டது, அளக்கப்பட்டது என்கிற பாணி. நீதிமன்றத்தில் விசாரித்தபோது, எழுதியிருந்தபடி முதலிலிருந்து கடைசிவரை அந்த வேலை ஒருமுறைகூடச் செய்யப்படவில்லை என்று தெரிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், செய்யாத சோதனையை விண்ணப்பத்தில் எழுதுவது அமெரிக்கச் சட்டப்படி குற்றமே அல்ல. "இப்படிச் செய்தால் இப்படி வரும்" என்று எழுதலாம். "செய்தோம், வந்தது" என்று எழுதக் கூடாது. அவ்வளவுதான் விதி.

நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். ஒரு மரத்துக்குக் கிளைகள் போல அந்த மொழியில் காலங்கள் பிரியும். நடந்து முடிந்ததற்கு ஒரு வடிவம், நடந்துகொண்டிருந்ததற்கு ஒரு வடிவம், இப்படி இருந்தால் இப்படி நடக்கும் என்பதற்கு ஒரு வடிவம். சிறு வயதில் அது பெரிய தண்டனையாகத் தெரிந்தது. புதுச்சேரியில் பழைய பிரெஞ்சு நிர்வாகம் விட்டுப்போன சொற்களில் 'ப்ரோசே-வெர்பால்' என்று ஒன்று உண்டு. அதிகாரி தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதிக் கையெழுத்துப் போடும் பதிவு. நடக்காதது அதில் ஏறக் கூடாது. பிறகு தமிழிலும் ஆங்கிலத்திலும் கோப்பு எழுதும் வேலைக்கு வந்தபோது அதே விதிதான். 'ஸ்தல ஆய்வு செய்யப்பட்டது' என்பதற்கும் 'செய்யப்படும்' என்பதற்கும் எழுத்தில் இரண்டு மூன்று எழுத்துதான் வித்தியாசம். முதலாவதை நம்பி மேலதிகாரி பணத்தை விடுவிப்பார். இரண்டாவது என்றால் கோப்பைத் திருப்பி அனுப்புவார். அவர் அந்த இடத்துக்குப் போகப்போவதில்லை. அவருக்குக் கண் அந்த வினைச்சொல்தான்.

காப்புரிமை ஆய்வு அதிகாரியின் நிலைமையும் இதுவே. 1999 டிசம்பரில் கலிஃபோர்னியா மாவட்ட நீதிபதி வான் வாக்கர், விண்ணப்பதாரர்கள் பல இடங்களில் ஏமாற்றும் நோக்கத்தோடு தவறான தகவல் கொடுத்தார்கள் என்றும், ஆகவே அந்தக் காப்புரிமையை வைத்து யார்மீதும் நடவடிக்கை எடுக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003இல் அவர் கண்டவற்றில் சிலவற்றை ஏற்றது, சிலவற்றைத் தள்ளியது. ஏற்றவற்றில் அந்த ஆறாவது எடுத்துக்காட்டும் ஒன்று. மூன்று நீதிபதிகளில் ஒருவரான போலின் நியூமன், ஏமாற்றும் நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று மாறுபட்டு எழுதினார். மிச்சமிருந்த காரணங்கள் மட்டும் போதுமா என்று பார்க்கச் சொல்லி வழக்கைக் கீழே அனுப்பினார்கள். போதும் என்று 2004இல் வாக்கர் மறுபடியும் சொன்னார்.

நியூமன் அம்மையாரின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. விஞ்ஞானிகள் கட்டுரை எழுதும்போது கை தானாகவே இறந்தகாலத்துக்குப் போய்விடும். அந்த என்சைமும் பொய்யில்லை. அதன் மரபணுவை முழுதாகப் படித்தபோது 832 அமினோ அமிலங்கள், சுமார் 94,000 எடை என்று கணக்கு வந்தது. சியென் சொன்ன எடையைவிட அது நிச்சயமாக அதிகம். உழைத்தவர்களின் உழைப்பு நிஜம். அப்படியிருக்க ஒரு வினைச்சொல்லுக்கு இவ்வளவு பெரிய விலையா என்று கேட்கத் தோன்றும்.

என் பதில், ஆம் என்பதே. காப்புரிமை என்பது கண்டுபிடித்ததற்குப் பரிசு மட்டும் அல்ல. உலகத்துக்கு உண்மையைச் சொல்வதற்கு ஈடாக, இத்தனை வருடம் மற்றவர்களைத் தடுக்கும் உரிமையை அரசாங்கம் கொடுக்கிறது. எதிர்த்தரப்பு இல்லாமல், விண்ணப்பதாரரும் அதிகாரியும் மட்டுமே இருக்கும் அறையில் அது நடக்கிறது. அங்கே சொன்ன ஒரு வார்த்தையால் பின்னால் இருநூறு பேர் பட்டியலில் ஏறுகிறார்கள். அவர்கள் அந்த அறையில் இல்லை. அவர்கள் சார்பில் அங்கே இருந்தது அந்தக் காகிதம் ஒன்றுதான்.

டாக் பாலிமரேஸ் இப்போது பழசாகிவிட்டது. சில அமினோ அமிலங்களை மாற்றியும், நுனியில் ஒரு துண்டை வெட்டிவிட்டும், வேறொரு புரதத்தின் துண்டை ஒட்டியும் எத்தனையோ புதுப் பாலிமரேஸ்களைச் செய்கிறார்கள். 832இல் ஓரிரண்டை மாற்றிவிட்டு 'இது புதியது, மேலானது' என்று விண்ணப்பம் வரும்போது, எவ்வளவு மேலானது என்பதற்கு அதிகாரிக்கு ஆதாரம் விண்ணப்பதாரரின் அட்டவணைதான். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2021 ஜூலையிலும் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. செய்யாத சோதனைகளை இறந்தகாலத்தில் எழுதக் கூடாது, செய்ததையும் எதிர்பார்ப்பதையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்று நினைவூட்டினார்கள். சட்டம் புதிதல்ல, மறுபடி சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பணியில் இருக்கும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். இப்போது அறிக்கைகளுக்கெல்லாம் அச்சிட்ட படிவம் வந்துவிட்டது. 'பார்வையிட்டேன்', 'சரிபார்த்தேன்' என்று முன்கூட்டியே அடித்து வைத்திருக்கிறார்கள், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கு முன் வினைச்சொல்லை ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.