வலிப்புக்கு மருந்து வந்த வரலாறு

வலிப்பு வந்து விழுந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். ஆனால் பெருமையைச் சாவி தட்டிக்கொண்டு போகிறது! மீண்டும் வலிப்பு வராமல் காப்பது மருந்துதான்.

மூளையின் நரம்பணுக்கள் சிறு மின்துடிப்புகளால் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. பல அணுக்கள் ஒரே சமயத்தில் கட்டுக்கடங்காமல் துடித்தால் வலிப்பு தோன்றுகிறது.

இதற்குப் பயன் தந்த முதல் மருந்து பொட்டாசியம் புரோமைடு. 1857இல் லண்டன் மருத்துவர் சார்லஸ் லோக்காக் இதன் பயனைத் தெரிவித்தார். வலிப்பு குறைந்தது. ஆனால் மந்தம், தோல் கொப்புளம், மனக்குழப்பம் ஆகியவையும் உடன் வந்தன.

1912இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பிரட் ஹாப்ட்மன், வலிப்பு நோயாளிகள் உறங்குவதற்காகப் பினோபார்பிடால் கொடுத்தார். வலிப்பும் குறைவதைக் கண்டார்! நரம்பணுக்களை அமைதிப்படுத்த மூளையே சுரக்கும் 'காபா' என்னும் பொருளின் வலிமையை இம்மருந்து கூட்டுகிறது என்பது பின்னாளில் விளங்கியது. தூக்கக் கலக்கம் இதன் குறை.

தூங்க வைக்காமல் வலிப்பை அடக்க முடியாதா? முடியும் என 1938இல் அமெரிக்காவின் மெரிட், பட்னம் இருவரும் பினிடாயின் மருந்தால் காட்டினர். சோடியம் அயனிகள் நரம்பணுவுக்குள் நுழையும் வாயில்களை இது அடைத்து, ஓயாத துடிப்பைத் தடுக்கிறது. எனினும் ஈறு தடித்தல், தள்ளாட்டம் ஆகியவை ஏற்படலாம்.

இப்பழைய மருந்துகள் நம் கிராமங்களுக்கு உதவுமா? கர்நாடகத்தின் யளந்தூர் வட்டாரத்தில் மருத்துவர் கே. எஸ். மணியின் குழுவினர் இவ்விரண்டையும் கொண்டே சிகிச்சை அளித்தனர். விலை குறைந்த இம்மருந்துகளால் கிராமத்திலும் வலிப்பைக் கட்டுப்படுத்தலாம் என்ற முடிவு 2001இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று.

ஆனால் மாத்திரையை நாள்தோறும் தவறாமல் உட்கொள்ள வேண்டும். பொதட்டூர்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் விசைத்தறி ஓட்டுபவருக்கு வலிப்பும் ஆபத்து. மருந்து தரும் தூக்கக் கலக்கமும் ஆபத்து. அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே கேடு நேரலாம். மருத்துவரிடம் கூறினால் அளவைக் குறைப்பார். அல்லது படிப்படியாக வேறு மருந்துக்கு மாற்றுவார். தோலில் தடிப்பு கண்டால் அன்றே காட்ட வேண்டும். சில மருந்துகள் கருவைப் பாதிக்கும். ஆதலால் தாய்மையடைய விரும்பும் பெண்கள் முன்கூட்டியே ஆலோசனை பெறுதல் நலம்.

யாரேனும் வலிப்பு வந்து விழுந்தால் சாவியைத் தேடி ஓடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.